ஐப்பசி முதல் பங்குனி வரை: ஓர் ஏரியைப் படமெடுக்கக் கற்பது

கேமரா வாங்கிய கையோடு எல்லோருக்கும் முதுமலையும் வால்பாறையும்தான் கண்ணில் நிற்கும். போய் வாருங்கள், தப்பில்லை. ஆனால் இயற்கைப் படம் கைவர வேண்டுமென்றால் முதல் வருஷத்துக்கு வேண்டியது வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஏரி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரிக்குப் பஞ்சமே இல்லை. தெற்கே கண்மாய், குளம் என்று ஏதாவது ஒன்று கிட்டத்தில் இருக்கும். அது சரணாலயமாக இருக்க வேண்டியதில்லை. இல்லாமலிருந்தால் இன்னும் வசதி: நுழைவு நேரம் கிடையாது, காணும் பொங்கல் கூட்டம் கிடையாது, விடியலுக்கு முன்பே கரையேறி நிற்கலாம்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எதில் பொறுமை என்று கேட்டால் அசையாமல் உட்கார்வதைச் சொல்வார்கள். அது சின்னப் பங்குதான். அதே கரைக்கு ஐப்பசியிலும் தையிலும் பங்குனியிலும் போய், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அதற்கேற்பப் பறவை எங்கே இறங்குகிறது என்று மனசில் ஏற்றிக்கொள்ளும் பொறுமைதான் படத்தில் தெரியும்.

கரை, வெயில், காற்று

தொண்டை மண்டலத்தில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது. ஏரி என்பது அந்தச் சரிவின் தாழ்ந்த பக்கத்தை மண்கரையால் அடைத்துக் கட்டியது. அதனால் பல ஏரிகளில் உயரமான கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ வளைந்து கிடக்கும். மேற்கே உள்வாய் (ஏரிக்குள் நீர் பரவும் நிலம்) மெல்ல மேடேறிப் புறம்போக்கிலோ வயலிலோ முடியும். காலையில் அந்தக் கரைமேல் நின்றால் சூரியன் நமக்குப் பின்னால். பறவைமேல் நேராக வெளிச்சம் விழும், கண்ணில் ஒரு பொட்டு ஒளி மின்னும், இறகின் நிறம் கலங்காமல் வரும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கிடைப்பது நிழலுருவம் மட்டும். கரை மேற்கே இருக்கும் ஏரியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கிளம்புவதற்கு முன் சாட்டிலைட் மேப்பில் ஏரியின் வடிவத்தைப் பார்த்து, கரை எந்தப் பக்கம், மதகு எங்கே, கலங்கல் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் போய்விட்டு 'வெளிச்சம் சரியில்லை' என்று திரும்புவோர் அதிகம்.

அடுத்தது காற்று. பறவைகள் எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். நாரை, கூழைக்கடா போன்ற கனமான பறவைகளில் இது கண்கூடாகத் தெரியும். வடகிழக்குக் காற்று நன்றாக வீசும் நாளில், கிழக்குக் கரையில் காலை நேரம் நின்றால் வெயிலும் முதுகில், காற்றும் முதுகில். இறங்கும் நாரை முகத்தைக் காட்டிக்கொண்டு, சிறகை அகல விரித்து, காலை முன்னே நீட்டி நம்மை நோக்கி வரும். காற்று மேற்கிலிருந்து வந்தால் எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் கிடைப்பது வால்தான். கடலோர மாவட்டங்களில் விடியல் வேளையில் தரைப்பக்கத்திலிருந்து லேசான காற்று வீசுவதுண்டு. அப்போது பறக்கும் படத்துக்கு மெனக்கெடாமல், நிற்பதையும் மேய்வதையும் எடுத்துவிட்டு, காற்று திரும்புகிறதா என்று புல் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெளிச்சத்தின் நேரக் கணக்கைக் குளிர்நாட்டு வழிகாட்டிகளிலிருந்து எடுத்தால் ஏமாந்துபோவோம். அங்கே சூரியன் சாய்வாக ஏறுவதால் பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும். சென்னை இருப்பது 13 பாகை வடக்கு அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயர 25 முதல் 30 நிமிஷம் போதும், அதோடு அந்த நிறம் முடிந்தது. உதயத்துக்கு முந்தைய கருக்கலும் 25 நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே ட்ரைபாடை விரித்திருக்க வேண்டும். சென்னையில் டிசம்பர் நடுவில் உதயம் 6.20 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில், வருஷத்திலேயே தாமதமான உதயம் அப்போதுதான். டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி எழும், ஜூனில் 24 பாகை வடக்கே. பனைமர வரிசைக்கு நடுவே சூரியன் எழும் படம் ஒன்றை மனசில் வைத்திருந்தால், அது வருஷத்தில் சில நாட்களில்தான் அமையும். எந்த நாட்கள் என்பதை ஃபோட்டோபில்ஸ் மாதிரி ஆப்பில் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

மார்கழி, தையில் இன்னொரு சலுகையும் உண்டு. டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் 54 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. அதனால் காலை பத்து மணி வரை, மேகமிருந்தால் அதற்கு மேலும், வெளிச்சம் தாங்கும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் அது உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். எட்டரை மணிக்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடலாம். கடும் வெயிலில் எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் கறுப்பு வெள்ளையாக யோசித்து எடுக்கலாம். 1996-இல் மறைந்த மா. கிருஷ்ணனின் காட்டுயிர்ப் படங்கள் கறுப்பு வெள்ளைதான். நிழலும் உருவமும் மட்டுமே எவ்வளவு பேசும் என்பதற்கு அவற்றைப் பார்க்கலாம்.

எந்த லென்ஸ், எவ்வளவு தூரம்

லென்ஸ் பற்றிய பேச்சு முக்கால்வாசி வீண்பேச்சு. ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும். தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்னும் அளவுச் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. 300 மி.மீ. லென்ஸைப் போட்டு 30 மீட்டர் தூரத்தைப் பார்த்தால் சட்டகத்துக்குள் வருவது ஏறக்குறைய 2.3 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும். ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரைக்கு இது தாராளம். அதே தூரத்தில் ஒரு ஜாண் சொச்சம் இருக்கும் மீன்கொத்தி சட்டகத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதற்கு 10 மீட்டருக்குள் போக வேண்டும், அல்லது அது வர வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். 10 அங்குல அகலப் பிரின்டுக்குத் தாங்கும், அதற்கு மேல் இழுக்காது. ஆகவே 70-300 மி.மீ. லென்ஸும், கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும் முதல் இரண்டு வருஷத்துக்குப் போதும். மிச்சப் பணத்தை நல்ல ட்ரைபாடில் போடுங்கள்.

ட்ரைபாடிலும் ஒரு வார்த்தை. நடுத்தண்டை உயர்த்தினால் அது ட்ரைபாட் மேல் நட்ட குச்சி, காற்றில் ஆடும். காலை நீட்டி உயரம் எடுங்கள், தடித்த கணுவை முதலில். ஏரிச் சேற்றில் கால் மெல்லப் புதைந்துகொண்டே போகும், ஐந்து நொடி ஷட்டரில் அது படத்தில் தெரியும். மூன்று காலையும் அழுத்தி ஊன்றி, ஒரு நிமிஷம் விட்டு, மட்டம் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரைப் பயன்படுத்துங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கு ட்ரைபாடை விட, ஒன்றேகால் கிலோ பட்டாணியோ பயறோ போட்டுத் தைத்த துணிப்பை உதவும். கண்ணாடியை இறக்கி அதன்மேல் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். இன்ஜினை அணைத்தே ஆகவேண்டும்.

வெள்ளைப் பறவை என்னும் பரீட்சை

ஏரியில் முதலில் படும் அடி வெண்கொக்கால்தான். கரும்பச்சைப் பின்னணியில் சின்னதாக நிற்கும் கொக்கை ஆட்டோவில் எடுத்தால், கேமரா பின்னணியின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு ஒரு வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதாக, இறகு வரியே இல்லாமல் வரும். அதே கொக்கு சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால் எதிர்மாறு: கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். முதல் இடத்தில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா முடிவுசெய்யும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைக்க வேண்டும், இரண்டாவதில் கூட்ட வேண்டும். பறவை பறந்து, பின்னணி நொடிக்கு நொடி மாறும்போது இந்தக் கூட்டல் கழித்தல் ஒத்துவராது.

அதற்கு எண்களை நாமே வைக்கும் மேனுவலே மேல். மேகமில்லாத முழு வெயில், சூரியன் முதுகில் என்றால் எண்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப்8 (லென்ஸ் துளையின் அளவு) வைத்தால் சாதாரண நிறமுள்ள பொருளுக்கு ஷட்டர் 1/1600 நொடி. வெள்ளைக் கொக்குக்கு 1/2500 அல்லது 1/3200. நீர்க்காகம், பாம்புத்தாரா போன்ற கறுப்புப் பறவைக்கு 1/1000. பின்னணி வானமோ தண்ணீரோ மரமோ, இந்த எண்களை மாற்ற வேண்டாம். வெயில் பறவைமேல் ஒரே அளவில்தான் விழுகிறது. வெயில் இளகும் காலை வேளையில் ஒரு கொக்கை எடுத்து, திரையில் வெளுத்த இடம் மினுக்குகிறதா என்று பார்த்து, மினுக்கு நிற்கும்வரை ஷட்டரை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை சரிபார்த்தால் போதும். படக்கோப்பு ராவில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் வகை) இருக்கட்டும். ஜேபெக்கில் வெளுத்த இறகுக்கு மருந்து இல்லை.

ஷட்டர் வேகம்: நிற்கும் பறவைக்கு 1/500, பறக்கும் நாரைக்கு 1/1600, படபடவென்று சிறகடிக்கும் தாராக்களுக்கு 1/2500. வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைக்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். 3200-இல் சரியாக எடுத்த படத்தில் வரும் புள்ளிகளைச் சாஃப்ட்வேர் நீக்கிவிடும். 800-இல் இருட்டாக எடுத்து அப்புறம் தூக்கினால் நிழலில் வரும் அழுக்கு அதைவிட மோசம். ஆட்டமாகிப் போன படத்தை மீட்க வழியே இல்லை. ஃபோகஸ் தொடர் முறையில் இருக்க வேண்டும், புள்ளி கண்ணில். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் ரா கோப்புகளால் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து, சரியான கணத்தில் கேமரா உறைந்து நிற்கும். நான்கைந்து படமாக விட்டு விட்டு எடுப்பதே நல்லது.

பழக்கம் தெரிந்தால் படம் முன்கூட்டியே தெரியும்

நத்தைக்குத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். அலகை நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். நத்தை தட்டுப்பட்டதும் நடை நிற்கும். தலை தாழ்ந்து கண் கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்கு வந்துவிடும், கழுத்து மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகு நுனியை ஓட்டுக்குள் செலுத்திச் சதையைப் பிரிக்கும் நேரம் அது. பிறகு தலை சட்டென்று மேலே வரும், அலகு நுனியில் பழுப்பாகச் சதை தொங்கும், ஓர் உதறல், விழுங்கல். படம் இருப்பது தலை மேலே வரும் அந்த நொடியில்தான். கழுத்து நடுங்கத் தொடங்கியதுமே ஃபோகஸ் பிடித்து, தலைக்கு மேல் சட்டகத்தில் பாதி இடம் விட்டுத் தயாராக இருக்க வேண்டும். தலை வந்தபிறகு அமுக்கினால் கிடைப்பது காலி அலகு. ஆழ நீரில் இதெல்லாம் தண்ணீருக்கடியிலேயே முடிந்துவிடும். கணுக்கால் அளவு நீருள்ள வயலோ ஏரி ஓரமோ வேண்டும். அறுவடை முடிந்து ஈரம் காயாத வயல் இதற்கு ஏரியை விட நல்ல இடம்.

வெண்மார்பு மீன்கொத்திக்கு வேறு வழி. அதைத் துரத்தவே கூடாது, உட்காரும் கம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். மதகுச் சுவர், நீரில் சாய்ந்த கிளை, வலை கட்டிய கழி ஆகியவற்றின் அடியில் வெள்ளை எச்சம் வழிந்து காய்ந்திருந்தால், அது அன்றாடம் உட்காரும் இடம். அதிலிருந்து பத்து மீட்டரில், பின்னணி தூரமாக விழும்படி, வெயிலை முதுகில் வைத்து, அது இல்லாத நேரத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள். வந்ததும் எடுக்காதீர்கள். முதல் ஷட்டர் சத்தத்தில் பறந்துபோனால் அன்றைக்கு அந்தக் கம்புக்கு வர யோசிக்கும். வந்து, சிறகு கோதத் தொடங்கியபிறகு எடுத்தால் நம்மை மறந்துவிடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி இன்னும் தாராள மனசு: நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், உடம்பு ஆடினாலும் தலை அசையாது. பறக்கும் பறவையை ஃபோகஸ் செய்யப் பழக இதைவிட நல்ல வாத்தியார் ஏரியில் இல்லை.

ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது வழியும் நாட்களில் எல்லோரும் நீர்ப்பரப்பைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் கலங்கலுக்குப் போங்கள். வழியும் நீரோடு மீன் இறங்கும் இடத்தில் சின்னக் கொக்கும் மடையானும் வரிசை கட்டி நிற்கும், ஒன்றையொன்று விரட்டும், மீனைப் பிடுங்கும். இரண்டு பறவை மோதும் படம் இங்கேதான் கிடைக்கும். அதே கலங்கலை இயற்கைக்காட்சியாகவும் எடுக்கலாம். வழியும் நீர் பட்டாகத் தெரிய ஷட்டர் அரை நொடிக்கு மேல் வேண்டும். இரண்டு நொடி தாண்டினால் நீரின் வரிகள் அழிந்து வெறும் வெள்ளைப் புகையாகிவிடும். எங்கள் ருசிக்கு அவ்வளவு பட்டும் வேண்டாம், கால் நொடிக்கும் அரை நொடிக்கும் நடுவில்தான் நன்றாக இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்த வேகம் வர 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போதும்: 1/125 என்பது அரை நொடியாகும். பத்து ஸ்டாப் வாங்கிவிட்டு வருஷத்தில் இரண்டு தடவை பயன்படுத்துவோர்தான் அதிகம்.

அகன்ற காட்சிக்கு

அகன்ற காட்சியில் புதியவர்கள் எடுக்கும் படத்தில் பாதி வானம், பாதி தண்ணீர், நடுவில் மெல்லிய கோடாகக் கரை. பார்க்க ஒன்றுமிருக்காது. முன்னால் ஏதாவது வேண்டும்: ஒரு பரிசல், மதகின் படி, வெடித்த சேறு, அல்லித் திட்டு. 18 மி.மீ., எஃப்8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஏபிஎஸ்-சி கேமராவில் 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். எல்லாம் தெளிவாக வேண்டுமென்று எஃப்22 வைத்தால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) முழுப்படமும் மங்கும். எஃப்11 தாண்ட வேண்டாம். பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன், கேமராவை நீர்மட்டத்துக்கு ஓரடி உயரத்துக்கு இறக்குங்கள். தாழ்ந்த கோணத்தில் நீர் அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும்.

வானம் சிவக்குமா என்று முந்தின நாளே ஓரளவு கணிக்கலாம். தலைக்கு மேலே உயர்ந்த மெல்லிய மேகம், ஆனால் அடிவானம் திறந்திருக்க வேண்டும். கிழக்கே அடிவானத்தில் கனத்த மழைமேகம் என்றால் நிறம் வராது, தூங்கலாம். மாலையில் சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உயரத்து மேகத்தில் நிறம் ஏறுவது அதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான். எதிர்த்திசையையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், மெல்லிய ரோஜா நிறப் பட்டை பல நேரம் அங்கேதான் நன்றாக இருக்கும். வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகமானால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். நீரின் பளபளப்பையும் ஈர இலையின் வெள்ளையையும் அது எடுப்பதைச் சாஃப்ட்வேரால் செய்ய முடியாது. வானத்தைப் பொறுத்தவரை சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் முழு வேலை செய்யும். 18 மி.மீ. அகலத்தில் வானத்தோடு எடுத்தால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலம் படியும், அப்போது கழற்றிவிடுங்கள். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் பறவைக்குப் போடவே வேண்டாம்.

லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்

'என் லென்ஸ் ஷார்ப்பாக இல்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கானல். காலை ஒன்பது மணிக்கு மேல் சூடான கரைக்கு மேலே காற்று நெளியத் தொடங்கும். 50, 60 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பறவை எந்த லென்ஸிலும் தண்ணீருக்குள் பார்ப்பதாகத்தான் வரும். பத்துப் படத்தில் பத்தும் வெவ்வேறு விதமாக மங்கியிருந்தால் அது கானல். எல்லாம் ஒரே மாதிரி மங்கியிருந்தால்தான் லென்ஸைச் சந்தேகிக்கலாம். ஏசி ஓடிய காரின் கண்ணாடியைத் திறந்ததும் எடுத்தாலும் இதே கதை: உள்ளே குளிர், வெளியே சூடு, நடுவில் நெளியும் காற்று. எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஐந்து நிமிஷம் விடுங்கள்.

ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலை ஈரக்காற்றில் எடுத்ததும் கண்ணாடி வேர்க்கும். துடைத்தால் மறுபடி வேர்க்கும், உள்ளே வேர்த்தால் துடைக்கவும் முடியாது. முந்தின இரவே பையோடு ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஜிப் பிளாஸ்டிக் கவரில் அடைத்து வெளியே எடுத்து, அரை மணி கழித்துத் திறங்கள். ஈரம் கவருக்கு வெளியே படியும்.

நம் ஊரில் லென்ஸைக் கொல்வது பூஞ்சை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோல் பைக்குள், அலமாரிக்குள் வைத்த லென்ஸில் சிலந்தி வலையாகப் படரும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் அது வளராது. டிரை கேபினெட் வாங்க முடியாதவர்களுக்கு: ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அரை கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே வைக்கச் சின்ன ஈரப்பதமானி. எண் 50-ஐத் தாண்டினால் ஜெல்லை ஓவனில் 110 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடலாம். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது வறுப்பது என்று அதுவே சொல்லும். அதிகமாக உலர்த்தவும் கூடாது. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் கெடும். ஈரத்துக்காகச் சிலர் போடும் அரிசி மாவுத்தூசியைத்தான் கொடுக்கும், நாப்தலீன் உருண்டை ஈரத்தை உறிஞ்சாது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, லென்ஸை வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. பழவேற்காடு, கோடியக்கரை போய்வந்தால் அன்றே லேசாக ஈரமாக்கிய துணியால் உடம்பைத் துடைத்து, ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு அடுத்த நாள்வரை காத்திருக்காது.

ஏரிக்குச் சொந்தக்காரர்கள்

மீன் பிடிப்பவரும் ஆடு மேய்ப்பவரும் ஏரியை நம்மைவிடப் பல மடங்கு அறிந்தவர்கள். கேமராவை மூடிவிட்டு, "அண்ணே, தாரா எந்தப் பக்கம் இறங்குது?" என்று கேட்டால் எந்த ஆப்பும் சொல்லாததைச் சொல்வார்கள். மதகு எப்போது திறப்பார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். திறந்து நீர் வடிந்தால் மறுநாளே கொக்குகளின் இடம் மாறும். அவர்களைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், அடுத்த தடவை பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பறவை கழுத்தை நீட்டி, மேய்வதை நிறுத்தி நம்மைப் பார்த்தால் அதுதான் எல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். மறுபடி மேயத் தொடங்கினால் பத்தடி போகலாம், நேராக வேண்டாம், சாய்வாக, கண்ணைப் பார்க்காமல். நாரை எச்சமிட்டு உடம்பைத் தாழ்த்தினால் பறக்கப்போகிறது என்று பொருள். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிபவர்களைக் கரைகளில் பார்க்கலாம். எழுப்பிவிட்ட பறவை நமக்கு முதுகைக் காட்டித்தான் போகும் என்பதால் படமாகவும் அது உதவாது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த மாதிரி ஊருக்குள் கேமராவோடு போகிறவர்கள் குரலையாவது தணித்துக்கொள்ள வேண்டும். கூடு, முட்டை, குஞ்சு பக்கம் நெருங்கவே வேண்டாம்: தாய் எழுந்துபோன ஐந்து நிமிஷத்தில் காகமும் வெயிலும் வேலையை முடித்துவிடும். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் டிரோன் விட்டால் வழக்கு வரும்.

மாதக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஏரி நிரம்பும், தூசி அடங்கிய காற்றில் தூரத்துக் குன்றுகூடத் தெளிவாகத் தெரியும், இயற்கைக்காட்சிக்கு அதுதான் காலம். பறவைகள் அப்போது பரந்து கிடக்கும், கிட்டத்தில் வராது. மார்கழியில் பனி. உதயத்துக்குப் பின் அரை மணி வரை பனிக்குள் வெளிச்சம் ஊடுருவும் படங்கள் கிடைக்கும், கேமராவை முக்கால் ஸ்டாப் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பனி சாம்பலாகும். தையில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் திரளாக நிற்கும்.

நெருக்கப் படங்களுக்கு மாசி, பங்குனியை மிஞ்ச முடியாது, அப்போதுதான் பலர் சீசன் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். நீர் வற்றி, மீன் எல்லாம் சில மடுக்களில் ஒதுங்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நாரைகள் எல்லாம் ஒரே மடுவில் முட்டிக்கொள்ளும். இரை கிடைக்கும் அவசரத்தில் நம்மைப் பொருட்படுத்தாது. பாயைப் போட்டுக் குப்புறப் படுத்து, லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பின்னணி தூரத்தில் கரைந்து பறவை தனித்து நிற்கும். நின்றபடி எடுத்தால் பின்னணி வெறும் சேறு. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். படுப்பதற்கு முன் பாம்பு இருக்கிறதா என்று ஒரு கம்பால் புல்லைத் தட்டிப் பாருங்கள்.

ஏரி முழுசாக வற்றிய சித்திரை, வைகாசியில் கேமரா இல்லாமல் போய் உள்வாயில் நடக்க வேண்டும். எந்த இடம் மேடு, எது மடு, எங்கே பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை, எங்கே பாறை என்று ஃபோன் மேப்பில் குறியிடுங்கள். நாரையும் கொக்கும் கால் நீளத்துக்குள் நீர் நிற்கும் இடத்தில்தான் மேயும். கரையிலிருந்து பார்க்க ஐப்பசியில் எல்லாம் ஒரே தண்ணீர்தான், ஆனால் முழங்கால் ஆழம் எந்த மேட்டின் மேல் என்பது குறித்து வைத்தவருக்குத் தெரியும். மதகின் அளவுக்கல்லில் நீர் எந்தக் கோட்டில் நின்றபோது எந்த மேட்டில் பறவை இறங்கியது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த மழைக்கு எந்த இடத்தில் போய் உட்கார்வது என்பதை வீட்டிலிருந்தே முடிவுசெய்யலாம்.